உங்கள் திறமூலத் திட்டம் அப்பாச்சி அறக்கட்டளைக்குள் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பேசுவது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இன்குபேட்டரைப் பற்றி; மற்ற அறக்கட்டளைகளைப் பற்றிய கேள்வி கடைசியில் இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் 'நெல்லி' என்ற கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம்.

1. எங்க கோடு ஏற்கனவே கிட்ஹப்ல இருக்கு, லைசென்ஸும் போட்டிருக்கோம். அப்புறம் ஃபவுண்டேஷன் எதுக்கு?

கோடு எல்லாருக்கும் திறந்திருக்கலாம். திட்டம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கிட்ஹப் கணக்கின் சாவியும் டொமைனும் பெயரும் யாரிடம் இருக்கின்றனவோ, அவர் அடுத்த பதிப்பிலிருந்து லைசென்ஸை மாற்றலாம், வெளியாட்களின் திருத்தங்களைச் சேர்க்காமல் விடலாம், வேலை மாறியதும் திட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகலாம். இந்தப் பயத்தால்தான் பல நிறுவனங்கள் ஒரே ஆள் அல்லது ஒரே கம்பெனி கையில் இருக்கும் மென்பொருளை நம்பித் தங்கள் அமைப்பைக் கட்டத் தயங்குகின்றன.

அப்பாச்சி அறக்கட்டளை 1999-இல் அமெரிக்காவில் லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் தனி மனிதர்கள். நிறுவனங்கள் நன்கொடை தரலாம், ஓட்டு கிடையாது. உள்ளே வரும் திட்டத்துக்கு சர்வர், மின்னஞ்சல் குழுக்கள், ரிலீஸ்களை விநியோகிக்கும் வசதி, வணிகக்குறிப் பாதுகாப்பு, முறைப்படி ரிலீஸ் செய்கிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகியவை கிடைக்கும். கோடு எழுதச் சம்பளமோ, எழுத ஆட்களோ கிடைக்காது. அவற்றை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சரியான இடம் அல்ல.

2. இன்குபேட்டர்னா ஸ்டார்ட்அப் இன்குபேட்டர் மாதிரியா?

பெயர்தான் ஒன்று. இங்கே முதலீடும் கிடையாது, பங்கும் கிடையாது. வெளியிலிருந்து வரும் திட்டங்கள் அறக்கட்டளையின் வழக்கங்களைப் பழகிக்கொள்ளவே 2002-இல் இன்குபேட்டர் ஏற்படுத்தப்பட்டது. உள்ளே இருக்கும் திட்டத்துக்கு 'பாட்லிங்' என்று பெயர். தேறியதும் அது 'முதல்நிலைத் திட்டம்' ஆகி இயக்குநர் குழுவின் கீழ் நேரடியாக வரும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். இன்குபேட்டர் உங்கள் கோடின் வேகத்தையோ வடிவமைப்பையோ மதிப்பிடாது. அது பார்ப்பவை இரண்டே. கோடு சட்டப்படி சுத்தமாக, யாருடையது என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்ல முடிகிற நிலையில் இருக்கிறதா? ஒரு நிறுவனமோ ஒரு ஆளோ விலகினாலும் திட்டத்தை நடத்த ஒரு குழு இருக்கிறதா? கோடு பிரமாதமாக இருந்தும் இரண்டாவது கேள்வியில் வருடக்கணக்கில் நின்றுபோன திட்டங்கள் உண்டு.

3. சாம்பியன், மென்டர், பிபிஎம்சி, ஐபிஎம்சி... தலை சுத்துது. யார் யாரு?

ஐபிஎம்சி என்பது இன்குபேட்டர் முழுவதையும் நடத்தும் குழு. பிபிஎம்சி என்பது உங்கள் பாட்லிங்கை நடத்தும் குழு, அதாவது நீங்கள். மென்டர்கள் ஐபிஎம்சியைச் சேர்ந்தவர்கள். உங்கள் குழுவிலும் உட்கார்ந்து வழிகாட்டுவார்கள். வழக்கமாகக் குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். சாம்பியன் என்பவர் நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே உங்கள் முன்மொழிவைச் சரிபார்த்து முன்னின்று கொண்டுவருகிறவர். பெரும்பாலும் அவரே பிறகு மென்டராகவும் இருப்பார்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: பாட்லிங் நிலையில் பிபிஎம்சியின் ஓட்டு உங்கள் விருப்பத்தைக் காட்டும், ஆனால் ரிலீஸுக்கு அது மட்டும் போதாது. ஐபிஎம்சி உறுப்பினர்களின் ஓட்டுதான் கட்டுப்படுத்தும். 12-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

4. எப்படி அப்ளை பண்றது? ஃபார்ம் இருக்கா?

ஃபார்ம் கிடையாது, ஒரு முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும். திட்டம் என்ன செய்கிறது, ஏன் அப்பாச்சிக்கு வர விரும்புகிறது, இப்போதைய கோடு எங்கே எந்த லைசென்ஸில் இருக்கிறது, எந்த வெளி நூலகங்களைச் சார்ந்திருக்கிறது, முதல் கமிட்டர்கள் (கோடை நேரடியாக மாற்றும் உரிமை உள்ளவர்கள்) யார், அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், என்னென்ன மின்னஞ்சல் குழுக்களும் கோடு வைக்கும் ரெப்போக்களும் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை இன்குபேட்டரின் பொது மின்னஞ்சல் குழுவில் வைத்து விவாதிப்பார்கள். கேள்விகள் அடங்கியதும் ஓட்டெடுப்பு: குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும், ஐபிஎம்சியிடமிருந்து மூன்று '+1', அதாவது ஆதரவு ஓட்டு, வேண்டும், ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

விவாதத்தை அவசரப்படுத்தாதீர்கள். அங்கே வரும் கேள்விகள் பெரும்பாலும் பிறகு ஒரு வருடம் உங்களைத் துரத்தப்போகும் சிக்கல்கள். லைசென்ஸ் ஒத்துவராத ஒரு நூலகத்தை முன்மொழிவிலேயே ஒப்புக்கொண்டு, எப்போது எப்படி நீக்குவோம் என்று எழுதிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். மறைத்தால் முதல் ரிலீஸில் எப்படியும் வெளியே வரும்.

5. அப்பாச்சில எங்களுக்கு யாரையும் தெரியாதே. சாம்பியனை எங்க போய்ப் பிடிக்கிறது?

உங்கள் கோடு எந்த அப்பாச்சித் திட்டங்களோடு ஒட்டி வேலை செய்கிறது என்று பாருங்கள். நெல்லி காஃப்காவிலிருந்து தரவை எடுக்கிறது என்றால் காஃப்காவின் குழுவில் இருப்பவர்களுக்கு அது புரியும். அங்கே முதலில் நல்ல பிழையறிக்கைகள், திருத்தங்கள் மூலம் அறிமுகமாகுங்கள். இல்லையென்றால் இன்குபேட்டரின் பொதுக் குழுவிலேயே ஒரு பக்கத்தில் திட்டத்தை விளக்கி, சாம்பியன் தேவை என்று நேரடியாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது வழக்கம்தான்.

6. ப்ரொபோசல்ல எந்த இடத்துல ஜாஸ்தி குடைவாங்க?

'தெரிந்த அபாயங்கள்' பகுதியில். அதற்கான வார்ப்புருவில் சில தலைப்புகள் வெளிப்படையாகவே இருக்கின்றன: திட்டம் அநாதையாகும் வாய்ப்பு, எல்லா டெவலப்பர்களும் ஒரே இடத்தைச் சேர்ந்தவர்களா, சம்பளத்துக்கு எழுதுகிறவர்களை மட்டும் நம்பியிருக்கிறதா, அப்பாச்சி என்ற பெயரின் மேல் மோகத்தால் வருகிறீர்களா. கடைசித் தலைப்பைப் பார்த்துப் பலர் சங்கடப்பட்டு ஒரு வரியில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் கிடைக்காவிட்டாலும் இந்த அமைப்பு உங்களுக்கு ஏன் தேவை என்பதை அங்கே நாலு வரியில் எழுதினால் விவாதம் பாதி குறையும்.

முதல் கமிட்டர் பட்டியலையும் கூர்ந்து பார்ப்பார்கள். ஒரு வரி கோடு கூட எழுதாத மேலாளர்களை அதில் சேர்ப்பதும், மூன்று வருடமாகத் திருத்தங்கள் அனுப்பிய வெளியாளை விட்டுவிடுவதும் உடனே தெரிந்துவிடும்.

7. கோடைக் கொடுத்துட்டா காப்பிரைட் எங்க கையை விட்டுப் போயிடுமா?

போகாது. நிறுவனமோ குழுவோ ஏற்கனவே எழுதிய கோடைக் கொண்டுவரும்போது 'மென்பொருள் வழங்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாகிறது. ஒவ்வொரு கமிட்டரும் 'தனிநபர் பங்களிப்பாளர் ஒப்பந்தம்' தர வேண்டும். அதைச் சுருக்கமாக ஐசிஎல்ஏ என்பார்கள். இரண்டுமே அறக்கட்டளைக்குக் காப்பிரைட் உரிமமும் காப்புரிமை உரிமமும் தருகின்றன, உடைமையை மாற்றுவதில்லை. அதே கோடை நீங்கள் வேறு இடத்தில் வேறு லைசென்ஸில் விற்கலாம்.

மாறுவது பெயர். 'நெல்லி' என்ற பெயரும் சின்னமும் அறக்கட்டளையின் வணிகக்குறியாகிவிடும், டொமைன் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். பெயரை விட மனமில்லாதவர்கள் கோடை வேறு பெயரில் கொடுப்பதும் உண்டு. ஃபோன்கேப் அப்படித்தான் வந்தது: 2011-இல் கோடு 'கால்பேக்' என்ற பெயரில் உள்ளே நுழைந்து பிறகு 'கார்டோவா' ஆனது, ஃபோன்கேப் என்ற பெயர் அடோபியிடமே இருந்தது.

சின்ன விஷயம், ஆனால் நாள்கணக்கில் தாமதமாக்கும்: ஐசிஎல்ஏவில் பெயரைத் தட்டச்சு செய்து சாய்வெழுத்தில் வைத்தால் அது கையெழுத்தாகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்செடுத்துக் கையால் போட்டு ஸ்கேன் செய்யுங்கள், அல்லது திரையில் வரைந்து போடுங்கள்.

8. பழைய கான்ட்ரிபியூட்டர்ஸ் நூறு பேர் இருக்காங்க. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா? நான் வேலை பாக்குற கம்பெனிகிட்டயுமா?

திட்டம் முதலிலிருந்தே அப்பாச்சி 2.0 லைசென்ஸில் இருந்து, எல்லாரும் அதன் கீழேயே அனுப்பியிருந்தால், பெரிய பங்களிப்பு செய்தவர்களிடம் வாங்குவதே வழக்கமாகப் போதும். வேறு லைசென்ஸிலிருந்து மாறுகிறீர்கள் என்றால் கதை வேறு. லைசென்ஸை மாற்ற ஒவ்வொரு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். பதில் சொல்லாதவர்களின் கோடைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். கிட் வரலாற்றிலிருந்து மின்னஞ்சல் வாரியாகப் பட்டியல் எடுத்து, யாருடைய வரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதை விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கம்பெனியைப் பற்றி: இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலை ஒப்பந்தம் அதைவிட அகலமாகவும் இருக்கலாம். அதனால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனியிடமிருந்து 'நிறுவனப் பங்களிப்பாளர் ஒப்பந்தம்' வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் ஐசிஎல்ஏவுக்குப் பதிலாக ஆகாது, கூடுதல்.

9. பேரை மாத்தச் சொல்வாங்களாமே?

சொல்லலாம். ஒவ்வொரு பாட்லிங்கும் பெயர்த் தேடல் ஒன்றைச் செய்து பதிவு செய்ய வேண்டும்: அதே பெயரில் வேறு மென்பொருள் இருக்கிறதா, வணிகக்குறிப் பதிவேடுகளில் இருக்கிறதா, கிட்ஹப்பிலும் தேடுபொறிகளிலும் என்ன வருகிறது என்று. வணிகக்குறிக் குழு அதைப் பார்த்து ஒப்புதல் தரும். 2014-இல் இரண்டு பாட்லிங்குகள் நடுவழியில் பெயர் மாறின: ஆப்டிக் கால்சைட் ஆனது, ஆர்கஸ் ரேஞ்சர் ஆனது. இன்று இரண்டும் புதுப் பெயரிலேயே நன்றாக அறியப்பட்டவை.

இந்தத் தேடலைத் தேர்ச்சிக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவைப்பது பெரிய தவறு. பேக்கேஜ் பெயர், மேவன் அடையாளம், வலைதளம், சின்னம், ஆவணங்கள் எல்லாவற்றிலும் பெயர் ஏறியிருக்கும். உள்ளே வந்த முதல் மாதமே செய்துவிடுங்கள். கைவசம் இரண்டு மாற்றுப் பெயர்களும் இருக்கட்டும்.

10. எந்தெந்த லைசென்ஸ் லைப்ரரியைச் சேத்துக்கலாம்?

மூன்று வகை. 'ஏ' வகையில் அப்பாச்சி, எம்ஐடி, பிஎஸ்டி போன்றவை, தாராளமாகச் சேர்க்கலாம். 'பி' வகையில் மொசில்லா, எக்லிப்ஸ் லைசென்ஸ்கள். அவற்றை மூலக்கோடாக ரிலீஸில் வைக்கக் கூடாது, தொகுத்த வடிவில் உரிய குறிப்போடு வைக்கலாம். 'எக்ஸ்' வகையில் ஜிபிஎல், எல்ஜிபிஎல், ஏஜிபிஎல் போன்றவை. ரிலீஸில் சேர்க்கக் கூடாது. ஜிபிஎல் நல்ல லைசென்ஸ்தான். ஆனால் அப்பாச்சி ரிலீஸை எடுக்கிறவருக்கு அப்பாச்சி லைசென்ஸைத் தாண்டிய கட்டுப்பாடு எதுவும் வரக் கூடாது என்பது இங்குள்ள வாக்குறுதி. எல்ஜிபிஎல் பகுதி இல்லாமல் ஓடவே ஓடாது என்றால் மாற்று தேட வேண்டும். விருப்பப்பட்டவர் தானே நிறுவிக்கொள்ளும் கூடுதல் வசதி என்றால் பிரச்சினை இல்லை.

வகை மாறுவதும் உண்டு. ஜேசன் லைசென்ஸில் 'இந்த மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு அல்ல' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பயன்பாட்டுக்கு அது ஒரு நிபந்தனை என்பதால் 2016-இல் 'எக்ஸ்' வகைக்குப் போனது. பல ஜாவாத் திட்டங்கள் ஒரு சிறு நூலகத்தை அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது. 2017 ஜூலையில் ஃபேஸ்புக்கின் காப்புரிமை நிபந்தனையோடு வந்த பிஎஸ்டி லைசென்ஸுக்கும் அதே கதி. அந்த செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது. ஓப்பன்ஆபீஸ் 2011-இல் ஆரக்கிளிடமிருந்து வந்தபோது ஒத்துவராத நூலகங்களை நீக்கி மாற்று வைப்பதே பெரும் வேலையாக இருந்தது. முதல் அப்பாச்சி ரிலீஸ் 2012 மே மாதம்தான் வந்தது.

11. உள்ள போயாச்சு. வாட்ஸ்அப் குரூப்ல பேசிப் பேசியே வேலை பாத்துப் பழகிட்டோம். அதை விடணுமா?

பேசலாம். முடிவெடுக்கக் கூடாது. பாட்லிங் தொடங்கியதும் டெவலப்பர் குழு, கமிட் அறிவிப்புக் குழு, பிபிஎம்சிக்கான தனிக்குழு என்று மின்னஞ்சல் குழுக்கள் உருவாகும். முடிவுகள் டெவலப்பர் குழுவில்தான். 'மின்னஞ்சல் குழுவில் நடக்கவில்லை என்றால் நடக்கவே இல்லை' என்பது அப்பாச்சியில் எல்லாரும் சொல்லும் வாக்கு. காரணம் எளிது: சென்னையில் மாலை நான்கு மணிக்கு நடந்த அழைப்பில் சான்ஃபிரான்சிஸ்கோவில் தூங்கிக்கொண்டிருந்தவர் கலந்துகொள்ள முடியாது, இரண்டு வருடம் கழித்து வருகிறவர் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தேடவும் முடியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். அழைப்பில் பேசியதை அன்றே சுருக்கி 'இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம், 72 மணி நேரம் பொறுப்போம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று குழுவுக்கு எழுதுங்கள். யாரும் மறுக்கவில்லை என்றால் அதுவே சம்மதம். தனிக்குழுவில் பேச வேண்டியவை குறைவு: புதிய கமிட்டர்களைத் தேர்ந்தெடுப்பது, பாதுகாப்புப் பிழைகள், சட்டச் சிக்கல்கள். கம்பெனியின் உள் ரெப்போவில் மாதம் முழுக்க எழுதி ஒரே கமிட்டாகக் கொண்டுவந்து கொட்டுவதும் அந்த வாட்ஸ்அப் குழுவைப் போன்றதுதான். வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது.

12. முதல் ரிலீஸ் ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்கு? நாலு தடவை ஓட்டுக்கு விட்டும் தேறல.

ஏனென்றால் அப்பாச்சியில் ரிலீஸ் என்பது மூலக்கோடுத் தொகுப்பு. ஓட்டத் தயாராகத் தொகுத்த ஜார் கோப்போ டாக்கர் படமோ வசதிக்காகக் கூடவே தருவது மட்டுமே. அந்த மூலத் தொகுப்பைத்தான் ஒருவர் இறக்கிப் பிரித்து ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கிறார். முதலில் பிஜிபி என்ற மின்கையெழுத்து: கையெழுத்திட்ட சாவி 'கீஸ்' கோப்பில் இருக்க வேண்டும். பிறகு கோப்பு வழியில் மாறவில்லை என்று காட்டும் ஷா-512 சரிபார்ப்பு. தொகுப்பின் பெயரில் 'இன்குபேட்டிங்' என்ற சொல் இருக்கிறதா, உள்ளே லைசென்ஸ், நோட்டீஸ் (கூடவே காட்ட வேண்டிய உரிமைக் குறிப்புகள்), டிஸ்க்ளெய்மர் (இது இன்னும் பாட்லிங்தான் என்ற அறிவிப்பு) என்ற மூன்று கோப்புகளும் இருக்கின்றனவா, கிட் டேகில் உள்ளதும் தொகுப்பில் உள்ளதும் ஒன்றா, லைசென்ஸைச் சரிபார்க்கும் 'ரேட்' கருவியை ஓட்டினால் லைசென்ஸ் தலைப்புக் குறிப்பு இல்லாத கோப்புகள் வருகின்றனவா, சுத்தமான கணினியில் பில்டு ஆகிறதா என்று வரிசையாகப் போவார்.

விழுவது பெரும்பாலும் ஒரே குழிகளில். கிரேடில் பயன்படுத்தும் திட்டங்களில் 'ரேப்பர்' ஜார் கோப்பு தொகுப்புக்குள் போய்விடும். அது தொகுக்கப்பட்ட கோடு, மூல ரிலீஸில் இருக்கக் கூடாது. வலைப்பக்கக் கோப்புறையில் யாரோ என்றோ போட்ட ஜேக்வெரி இருக்கும், லைசென்ஸ் கோப்பில் அதன் எம்ஐடி குறிப்பு இருக்காது. ஐகான்களும் எழுத்துருக்களும் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி எல்லாக் கோப்பிலும் அப்பாச்சி தலைப்பை ஒட்டியிருப்பார்கள். அதில் வேறொருவர் எழுதிய கோப்பின் காப்பிரைட் வரி அழிந்திருக்கும். இந்தக் கடைசித் தவறு மட்டும் உண்மையிலேயே மோசமானது, மற்றவரின் உரிமையை அழிப்பதால். நோட்டீஸ் கோப்பை நிரப்புவதும் பொதுவான தவறு: அதில் இருப்பதை உங்கள் மென்பொருளை எடுத்து விநியோகிக்கும் எல்லாரும் சுமந்தாக வேண்டும், ஆகவே சட்டம் கேட்பதைத் தவிர ஒரு வரியும் கூடாது.

ஓட்டு இரண்டு கட்டம். முதலில் உங்கள் டெவலப்பர் குழுவில் 72 மணி நேரம், பிறகு இன்குபேட்டரின் பொதுக் குழுவில் 72 மணி நேரம். மூன்று ஐபிஎம்சி '+1' வேண்டும்; முதல் கட்டத்தில் மென்டர்கள் போட்டவையும் கணக்கில் சேரும். சரிசெய்ய நாளாகும் சிக்கல் இருந்தால், தெரிந்த குறைகளைப் பட்டியலிட்ட 'வேலை நடக்கிறது' வகை டிஸ்க்ளெய்மரோடு வெளியிட வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம், அதற்காகவே அது இருக்கிறது.

13. ஒருத்தர் -1 போட்டாலே ரிலீஸ் நின்னுடுமா?

நிற்காது. ரிலீஸில் வீட்டோ கிடையாது. மூன்று கட்டுப்படுத்தும் ஆதரவும் பெரும்பான்மையும் இருந்தால் தேறிவிடும். வீட்டோ இருப்பது கோடு மாற்றங்களில், அதுவும் தொழில்நுட்பக் காரணம் சொன்னால்தான் செல்லும். ஆனாலும் '-1' போட்டவர் சொன்ன காரணம் 12-இல் பார்த்த வகையைச் சேர்ந்தது என்றால் ரிலீஸ் மேலாளர் தானே ஓட்டெடுப்பை ரத்து செய்துவிட்டு அடுத்த தொகுப்பைத் தயாரிப்பதுதான் நல்ல பழக்கம்.

14. ரிப்போர்ட்டை எல்லாம் யாராவது படிக்கிறாங்களா?

படிக்கிறார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தேர்ச்சிக்கு முன் தீர்க்க வேண்டிய முக்கியமான மூன்று விஷயங்கள், சமூகம் எப்படி வளர்ந்தது, கடைசி ரிலீஸ் எப்போது, கடைசியாக ஒரு கமிட்டரைச் சேர்த்தது எப்போது, மென்டர்கள் உதவுகிறார்களா என்று கேள்விகள் இருக்கும். மென்டர் ஒருவராவது ஒப்பமிட வேண்டும். போன தடவை எழுதியதையே ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். 'இந்தக் காலாண்டில் ஒன்றும் நகரவில்லை, முக்கியமான இருவர் வேலை மாறினார்கள்' என்று உள்ளபடி எழுதினால் உதவி வரும்.

15. மென்டர்ஸ் பதிலே சொல்றதில்ல. என்ன செய்யறது?

அவர்களும் தன்னார்வலர்கள். முதலில் தனிக்குழுவில் பெயர் சொல்லி, தேவையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: 'ரிலீஸுக்கு ஒரு ஓட்டு குறைகிறது, வெள்ளிக்குள் பார்க்க முடியுமா' என்பது போல. நகரவில்லை என்றால் அறிக்கையின் மென்டர் கேள்வியில் அப்படியே எழுதுங்கள், பொதுக் குழுவிலும் கூடுதல் மென்டர் கேளுங்கள். அது புகார் ஆகாது. ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு தேர்ச்சி நேரத்தில் சொல்வதால்தான் நஷ்டம்.

16. எங்க டீம்ல எல்லாரும் ஒரே கம்பெனி. கிராஜுவேட் ஆக முடியுமா?

இன்றைய நிலையில் அப்படியே என்றால் மிகக் கடினம். திட்டம் தேறத் தயாரா என்று பார்க்க உதவும் பட்டியலான அப்பாச்சியின் முதிர்ச்சி மாதிரியில் 'சுதந்திரம்' என்று தனிப் பகுதியே இருக்கிறது: திட்டம் எந்த நிறுவனத்தின் செல்வாக்குக்கும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும், பங்களிப்பவர்கள் நிறுவனப் பிரதிநிதிகளாக அல்லாமல் தனி மனிதர்களாகச் செயல்பட வேண்டும். தலைகளை எண்ணுவதைவிட, அந்தக் கம்பெனி நாளை நிதியை நிறுத்தினால் யார் மிஞ்சுவார்கள் என்றுதான் கேட்பார்கள்.

வெளியாள் வர வழி செய்யுங்கள். புதியவர் அரை நாளில் பில்டு செய்து ஓட்டக்கூடிய ஆவணம், சின்னத் திருத்தத்துக்கும் இரண்டு நாளுக்குள் பதில், சிக்கல் பட்டியலில் புதியவர்களுக்கென்று எளிய வேலைகளைக் குறித்து வைப்பது. உங்கள் ஆட்களே அவற்றை முடித்துவிடாமல் விட்டுவைப்பதும் முக்கியம். ஆவணம் எழுதியவர், மொழிபெயர்த்தவர், குழுவில் பொறுமையாகப் பதில் சொன்னவர் ஆகியோரும் கமிட்டர் ஆகலாம். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று அளவுகோலை ஏற்றிக்கொண்டே போகும் குழுக்களிடமிருந்து நல்லவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள்.

17. எங்க கம்பெனி 'நெல்லி கிளவுட்'னு ப்ராடக்ட் விக்குது. அது ஓகேவா?

அந்தப் பெயர் சிக்கல். 7-இல் சொன்னபடி பெயர் இப்போது அறக்கட்டளையுடையது. பொருளுக்கு உங்களுக்கே உரிய ஒரு பெயர் வைத்து 'அப்பாச்சி நெல்லியால் இயங்குகிறது' என்ற பாணியில் எழுதலாம். 'நெல்லியை உருவாக்கிய கம்பெனி' என்று பழைய வரலாற்றைச் சொல்லலாம், இன்றும் நீங்களே நடத்துவதுபோல் எழுதக் கூடாது. இது தேர்ச்சி விவாதத்தில் தவறாமல் வரும் கேள்வி, விற்பனைக் குழுவின் வலைப்பக்கத்தை முன்கூட்டியே சரிபாருங்கள்.

18. மொத்தம் எவ்ளோ நாள் ஆகும்?

கெடு கிடையாது. சப்வெர்ஷன் 2009 நவம்பரில் நுழைந்து 2010 பிப்ரவரியில் வெளியேறியது. அது ஏற்கனவே அப்பாச்சி பாணியில் ஓடிய முதிர்ந்த சமூகம். ஸ்பார்க் 2013 ஜூனிலிருந்து 2014 பிப்ரவரி வரை. காஃப்கா 2011 ஜூலையிலிருந்து 2012 அக்டோபர் வரை. ஏர்ஃப்ளோ 2016 மார்ச்சிலிருந்து 2018 டிசம்பர் வரை. டேட்டாஃபூ நான்கு வருடம், எம்எக்ஸ்நெட் 2017-இலிருந்து 2022 வரை. ஒன்றிலிருந்து இரண்டு வருடம் என்று திட்டமிடுங்கள்.

19. கிராஜுவேஷன் எப்படி நடக்கும்?

முதிர்ச்சி மாதிரியின் ஒவ்வொரு வரிக்கும் ஆதார இணைப்போடு நீங்களே பதில் எழுதுகிறீர்கள். உங்கள் சமூகம் ஓட்டுப் போடுகிறது. பொதுக் குழுவில் விவாதம், ஐபிஎம்சி ஓட்டு. பிறகு ஒரு தீர்மானம்: திட்டத்தின் பெயர், எல்லை, முதல் மேலாண்மைக் குழுவினர், தலைவர் யார் என்பது அதில் இருக்கும். ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழு தன் மாதக் கூட்டத்தில் அதை ஏற்கிறது. தலைவர் அறக்கட்டளையின் துணைத்தலைவர்களில் ஒருவர் ஆகிறார். அவருக்குத் தொழில்நுட்ப முடிவுகளில் கூடுதல் அதிகாரம் எதுவும் கிடையாது, அறிக்கை தரும் பொறுப்பு மட்டும் கூடும்.

20. நடுவுல முடியலன்னா? வெளிய வந்துடலாமா?

வரலாம். ஜிப்கின் 2018-இல் நுழைந்தது, இந்த நடைமுறை தங்களுக்குப் பொருந்தவில்லை என்று அதன் சமூகமே முடிவு செய்து 2019-இல் பழைய இடத்துக்குத் திரும்பியது. அதன்பிறகும் நன்றாகவே ஓடியது. ஓடிஎஃப் டூல்கிட் இன்குபேட்டரிலிருந்து விலகி டாக்குமென்ட் அறக்கட்டளைக்குப் போனது. வேவ் போல ஆள் இல்லாமல் ஓய்வு பெற்றவையும் உண்டு. அப்போதும் கோடு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம்.

தேறியபின் ஓய்வதும் உண்டு. அந்தத் திட்டங்கள் ஓய்ந்தவற்றை வைக்கும் 'அட்டிக்'குக்குப் போகும். ஐந்து வருடம் பாட்லிங்காக இருந்து 2022-இல் தேறிய எம்எக்ஸ்நெட் ஒரே வருடத்தில், 2023-இல் அங்கே போனது. இலங்கையில் பெரிய பொறியாளர் அணி கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 கொடுத்த ஸ்ட்ராடோஸ் 2013-இல் நுழைந்து 2014-இல் தேறியது. பிற்காலத்தில் அதுவும் அட்டிக்கில். 16-ஆம் கேள்வியைத் தேர்ச்சிக்கான சடங்காக நினைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இவையே காரணம்.

21. இன்குபேட்டர் இல்லாம நேரா உள்ள போக முடியாதா?

அரிதாக முடியும். ஆரோ 2016 பிப்ரவரியில் நேரடியாக முதல்நிலைத் திட்டமாகத் தொடங்கியது. ஆனால் அதை ஆரம்பித்தவர்களில் பலர் ஏற்கனவே பல அப்பாச்சித் திட்டங்களை நடத்தியவர்கள். உங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் கேட்க வேண்டாம்.

22. சிஎன்சிஎஃப், எக்லிப்ஸ், கன்சர்வன்சின்னு எல்லாம் சொல்றாங்களே. எங்களுக்கு எது?

லைசென்ஸிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கோடு ஜிபிஎல்லில் இருந்து அப்படியே இருக்க வேண்டும் என்றால் அப்பாச்சி இல்லை. கிட், சாம்பா, இங்க்ஸ்கேப் போன்றவை இருக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியைப் பாருங்கள். அங்கே உங்கள் நிர்வாக முறையை மாற்றச் சொல்ல மாட்டார்கள், நன்கொடை வாங்கவும் சட்ட வேலைக்கும் குடையாக இருப்பார்கள். எக்லிப்ஸ் இப்போது பெல்ஜியத்தில் பதிவான அமைப்பு. ஐரோப்பிய நிறுவனங்கள் கூட்டாக வேலை செய்யும் திட்டங்களுக்குப் பொருத்தம்.

கன்டெய்னர், குபெர்னெட்டிஸ் சார்ந்தது என்றால் 2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய சிஎன்சிஎஃப் (கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்). அங்கே சாண்ட்பாக்ஸ், இன்குபேட்டிங், கிராஜுவேட்டட் என்று மூன்று படி. நுழைவது எளிது; மேலே போக, உற்பத்திச் சூழலில் பயன்படுத்துகிறவர்களைக் காட்ட வேண்டும், கடைசிப் படிக்கு வெளியார் செய்த பாதுகாப்புத் தணிக்கையும் வேண்டும். அதாவது அங்கே 'யார் பயன்படுத்துகிறார்கள்' என்பது கனமான கேள்வி, அப்பாச்சியில் 'யார் முடிவெடுக்கிறார்கள்' என்பது. சேருவதற்கு முன் அந்தந்த அமைப்பில் உங்களை ஒத்த ஒரு திட்டத்தின் ஒரு வருட விவாதங்களைப் படித்துப் பாருங்கள். எல்லாம் பொதுவில் இருக்கின்றன, ஒரு வார இறுதி போதும்.